கடலறிவும் தூண்டில் இரையும்

நுழையும்முன்

எவ்விடத்தில், எப்பொழுது, எந்த இரையைக் கோத்துத் தூண்டில் இடுவது என்பது நெய்தல் நில மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அறிவு. அதன் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை. கண்ணாலும் கையாலும் கற்று, வாய்மொழியாகக் கடத்தப்பட்டு வருகிறது. காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே உள்ள சோழமண்டலக் கடற்கரையை முன்வைத்து அவ்வறிவை இப்பாடம் விளக்குகிறது.

கச்சி செல்லும் வழியில் ஒரு தூண்டில்

பட்டு நெசவுக்கும் கோவில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்திற்கும் மீன்பிடித் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வினவக்கூடும். 2019ஆம் ஆண்டில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்கள் அனைத்தும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. ஊருக்குத் தெற்கே ஓடும் பாலாறு, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. நம் ஊர் மழைநீரில் ஒரு பங்கு இன்றும் அம்முகத்துவாரம் வழியாகத்தான் கடலைச் சேர்கிறது.

இலக்கியத்தில் இத்தொடர்பு இன்னும் பழையது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும்போது, நீர்நிலையின் கரையில் மீன்பிடிக்கும் ஒருவனைப் புலவர் காட்டுகிறார். அவன் தோளில் பச்சை ஊன் இட்ட தோற்பை தொங்குகிறது. நெடிய மூங்கிற்கோலில் கயிறு கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரையைப் பொதிந்து நீரில் விடுகிறான். வாளைமீன் ஒன்று இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது, முள் வெறுமையாகிறது. அதன்பின் அந்த வாளை, கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டாலும், அதனைத் தூண்டிற்கோல் என்று எண்ணி அஞ்சுகிறது.

சில அடிகளில் முடிந்துவிடும் இக்காட்சியில் தூண்டில் தொழிலின் நுட்பங்கள் பல அடங்கியுள்ளன. இரை புதிய ஊனாக இருக்கவேண்டும். அது முள்ளில் இறுகப் பொதிந்திருக்கவேண்டும். நெகிழ்ந்தால் மீனுக்கு விருந்து, மீனவனுக்கு வெறும் முள். கோலின் நிழல் நீரில் விழலாகாது. ஒருமுறை தப்பிய மீன் எச்சரிக்கை அடைகிறது. தெளிந்த நீரில் தூண்டில் இடுவோர் இன்றும் கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்பதைத் தவிர்ப்பர். தம் நிழல் மீனுக்கு முன்னே சென்று சேர்ந்துவிடும் என்பர். மீனின் அச்சத்தையும் கவனித்த ஒரு புலவர் அக்கரையில் நெடுநேரம் நின்றிருக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மண்புழு தோற்ற கதை

என் இளமையில் காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரி ஏரியில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகியிருந்தேன். அந்தத் துணிவில், கல்லூரி விடுமுறையின்போது உறவினர் ஒருவருடன் சதுரங்கப்பட்டினக் கடற்கரைக்குச் சென்றேன். ஒரு தகரக் குவளை நிறைய மண்புழு கொண்டுபோயிருந்தோம். மாலை தொடங்கி நள்ளிரவுவரை தூண்டிலை எறிந்தும் இழுத்தும் கை சலித்ததே தவிர, ஒரு மீனும் அகப்படவில்லை. இழுக்கும் ஒவ்வொரு முறையும் புழு வெளுத்துத் தளர்ந்து, நனைந்த நூல்போல முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது.

வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு அருகே வந்தார். குவளையை எட்டிப்பார்த்தவர், “ஏரி இரைக்குக் கடல்மீன் வருமா தம்பி? உப்புத்தண்ணியில புழு உடனே செத்துப்போகும். அதுவும் மீன் இல்லாத இடத்துல நின்னுக்கிட்டு எறியறீங்க” என்றார். பிறகு அலை பின்வாங்கும்போது ஈரமணலைக் காலால் கிளறி, கைப்பிடி அளவு சிறு மட்டிகளை எடுத்துத் தந்தார். முப்பதடி தள்ளி, அலை உடையாமல் நீர் கறுத்துத் தெரிந்த ஓரிடத்தைச் சுட்டி, அங்கே எறியச் சொன்னார். அரைமணி நேரத்தில் நான்கு கிழங்கான் மீன்கள் கிடைத்தன.

அவர் திருத்திய பிழைகள் இரண்டு. இரை தவறு என்பது ஒன்று. இடம் தவறு என்பது மற்றொன்று. இவ்விரண்டில் இடமே முதன்மையானது என்பர் கடலோர மக்கள். மீன் இல்லாத நீரில் எந்த இரையும் பயன்படாது. மீன் திரளும் இடத்தில் நடுத்தரமான இரையும் பலன் தரும்.

மீன் எங்கே நிற்கும்?

கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கடல் ஒரே பரப்பு. மீனுக்கோ அது மேடும் பள்ளமும், மணலும் சேறும் பாறையும், ஓட்டமும் தேக்கமும் நிறைந்த நிலம். உணவு கிடைக்கும் இடம், ஒளிந்துகொள்ளும் இடம், நீரோட்டத்தின் வேகத்திலிருந்து ஒதுங்கும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றையேனும் மீன் நாடும்.

மணற்கரையில் அலைகள் வரிசையாக உடையும். அவ்வரிசை ஓரிடத்தில் மட்டும் அறுபட்டு, நீர் கருநிறமாகத் தெரிந்தால் அங்கே பள்ளம் உண்டு என்று கொள்ளலாம். அலை கிளறிவிடும் மட்டி, புழு, சிறு நண்டு முதலியவை அப்பள்ளத்தில் சேரும். அவற்றைத் தின்னக் கிழங்கான், கெளுத்தி, காலா போன்ற மீன்கள் வரும். இதே பள்ளம் குளிப்பவருக்கு எமன் ஆகக்கூடும். கரையேறிய நீர் கடலுக்குத் திரும்பும் வலிய ஓட்டம் பெரும்பாலும் அதன் வழியாகவே செல்லும். அலை அடங்கி அமைதியாகத் தெரிவதால், பாதுகாப்பான இடம் என்று நம்பி இறங்கியவர் இழுத்துச் செல்லப்படுகின்றனர். தூண்டிலை அங்கே எறியலாம். காலை அங்கே வைக்கலாகாது.

முகத்துவாரங்கள் வேறு வகை. முட்டுக்காடு, கோவளம், வயலூர், ஒதியூர்க் காயல், ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய கடப்பாக்கம் என இக்கரை நெடுகிலும் உவர்நீர் கடலைச் சந்திக்கும் இடங்கள் பல உள. ஆண்டின் பெரும்பகுதி மணல்திட்டு இவற்றின் வாயை அடைத்தோ குறுக்கியோ இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் பெருகி, திட்டு உடைந்து வாய் திறக்கும்போது, உள்ளிருந்து இறாலும் சிறு மீன்களும் கடலை நோக்கி அடித்துவரப்படும். அவற்றுக்காகக் கொடுவா வாயிலில் காத்து நிற்கும். நீரின் நடுவே தேடுவதைவிட, ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் விளிம்பில் இரையை விடுவதே முறை. ஓட்டத்தில் அடித்துவரும் இறாலை, உழைப்பின்றித் தேக்கத்தில் நின்றபடி கவ்வுவதே கொடுவாவின் வழக்கம்.

கொடுவா உவர்நீரிலும் நன்னீரிலும் கடல்நீரிலும் வாழவல்லது. முட்டுக்காட்டிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1997ஆம் ஆண்டில் இம்மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு உற்பத்தி செய்தனர். இன்று பண்ணைகளில் வளரும் கொடுவாவிற்கு அம்முயற்சி அடிப்படையாக அமைந்தது.

மூன்றாவது இடம் பார். கடலடியில் பாறைகள் எழுந்து நிற்கும் பகுதியைப் பார் என்பர். பாறையில் பாசியும் சிப்பியும் ஒட்டி வளரும். அவற்றை நாடிச் சிறு மீன்களும், சிறு மீன்களை நாடிக் களவா, சங்கரா, பாறை, சீலா முதலியனவும் வரும். வெறும் மணலடியில் ஒரு பகல் முழுதும் கிடைப்பது, பாரின்மேல் ஒரு நாழிகையில் கிடைத்துவிடும். ஆகவே, பார் இருக்கும் இடம் மீனவக் குடும்பத்தின் சொத்துக்கு நிகரானது. எல்லாரிடமும் அதனைச் சொல்லிவிட மாட்டார்கள்.

கரை மங்கலாகத் தெரியும் தொலைவில், எவ்வடையாளமும் இல்லாத நீர்ப்பரப்பில், தாம் கண்ட பாரை மறுநாள் எவ்வாறு கண்டடைகிறார்கள்? விடை எளிய வடிவகணிதத்தில் உள்ளது. கரையருகே உள்ள ஓர் அடையாளமும் அதற்குப் பின்னே தொலைவில் உள்ள மற்றோர் அடையாளமும் ஒரே நேர்கோட்டில் வருமாறு படகை நிறுத்துவர். எடுத்துக்காட்டாக, கோவில் விமானத்தின் உச்சிமேல் பின்னாலுள்ள குன்றின் முகடு பொருந்தவேண்டும். இது ஒரு கோடு. அதேபோல் வேறு திசையில், கலங்கரை விளக்கத்தையும் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தையும் பொருத்தினால் இரண்டாவது கோடு. இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் படகுக்குக் கீழே பார் இருக்கும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் இம்முறையைக் கணிச்சம் என்பர். இடத்தை அடைந்ததும் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பர். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். குண்டு மென்மையாகப் பதிந்தால் சேறு. ‘ணங்’கென்று கைக்கு அதிர்வு தந்தால் பார்.

மாமல்லபுரக் கடற்கரைக் கோவில் பல்லவர் எழுப்பிய வழிபாட்டிடம் மட்டுமன்று, இத்தகைய அடையாளமுமாகும். அவ்வூரின் ஒலக்கணேசுவரர் கோவிலின் மேற்றளமோ ஒருகாலத்தில் கலங்கரை விளக்கமாகவே பயன்பட்டது. அக்கடலடியில் கற்கட்டுமானங்கள் கிடக்கின்றன என்பது மீனவரிடையே நெடுங்காலமாக வழங்கிய செய்தி. 2002ஆம் ஆண்டில் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்து ஆய்வுக்குழு ஒன்றும் மூழ்கி ஆராய்ந்தபோது, கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் சுவர்ப்பகுதிகளும் சதுரக் கற்களும் தென்பட்டன. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது, கரையில் நின்றோர் அங்கே பாறை வரிசையைக் கண்டதாகக் கூறினர். தொல்லியலாருக்கு அது வரலாற்றுச் சான்று. தூண்டில்காரருக்கு அது முன்பே தெரிந்த மீன்வீடு.

தெரியுமா?
கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்று, இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஆனால் நம் கட்டுமரத்திற்கு இரண்டு உடல்கள் கிடையா. அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே மிதவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் கட்டுமரங்கள் அருகி, கண்ணாடி இழைப் படகுகள் பெருகின.

காற்றும் ஓட்டமும் நிலவும்

ஒரே இடம் எல்லா நாளும் மீன் தராது. சென்னையை ஒட்டிய கரையில், தெற்கிலிருந்து வடக்கே செல்லும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே செல்வதை வன்னி என்றும் மீனவர் குறிப்பர். வங்கக் கடலின் மேற்குக் கரையோர ஓட்டம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் ஜனவரி வரை தெற்கு நோக்கியும் செல்வதாகக் கடலியலார் அளந்து கூறுவர். கருவிகள் தந்த விடையும் கட்டுமரத்தில் அமர்ந்து கண்ட விடையும் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஓட்டத்தின் திசை தெரிந்தால்தான் பாரின் எந்தப் பக்கத்தில் நங்கூரம் இடுவது என்று தெரியும். ஓட்டம் வரும் பக்கத்தில் படகை நிறுத்தி, இரையின் மணம் பாரை நோக்கிச் செல்லுமாறு விடவேண்டும். மாற்றி நிறுத்தினால், மீன் ஒருபுறமும் மணம் மறுபுறமும் போகும்.

நிலவின் பங்கும் உண்டு. நம் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு; முழுநிலவு, மறைநிலவு நாள்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குசராத்தின் காம்பத்து வளைகுடாவில் இது பத்து மீட்டரளவுக்குச் செல்லும். எனினும், முகத்துவாரங்களில் அந்த ஒரு மீட்டரே போதும்; ஓதம் ஏறும்போது உள்ளே செல்லும் மீன், இறங்கும்போது வெளியே வரும். நீர் அசையாமல் நிற்கும் இடைவேளையில் தூண்டில்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பர். முழுநிலவு நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடிக் களித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அதனை இயற்றியவரும் உருத்திரங்கண்ணனாரே. நெய்தல் வாழ்வை இந்தளவு கூர்ந்து நோக்கிய அப்புலவரின் ஊர் எது என்று இன்றும் விவாதம் நடப்பது ஒருபுறம் இருக்கட்டும்.

மீன் இரையை அறியும் விதம்

இரையைத் தேர்ந்தெடுக்க, மீன் அதனை எவ்வாறு உணர்கிறது என்பதை அறிதல் வேண்டும். சில மீன்கள் கண்ணால் வேட்டையாடும். சில மூக்கால் தேடும். பக்கவாட்டில் தலைமுதல் வால்வரை செல்லும் பக்கக்கோடு என்னும் உறுப்பால், நீரில் எழும் சிறு அதிர்வையும் மீன் உணரும். கெளுத்தியின் மீசை, சுவை அறியும் நாக்கைப்போலச் செயல்படும். சுறாவும் திருக்கையும் இவற்றோடு நில்லாமல், மணலில் புதைந்த உயிரின் தசைகளில் எழும் நுண்மின்சாரத்தையும் முகத்திலுள்ள துளைகளால் அறியும்.

வஞ்சிரம் கண்ணால் வேட்டையாடுவது. தெளிந்த நீரில் வேகமாக நீந்தி, ஒளிரும் சிறுமீன் கூட்டத்தைத் தாக்கும். ஆகவே கவலை போன்ற வெள்ளிநிற மீனை முழுதாகக் கோத்து, ஓடும் படகின் பின்னே இழுத்துச் செல்வர். இரை நேராக நீந்துவதுபோல வரவேண்டும். சுழன்றால் வஞ்சிரம் ஐயுறும். மின்னும் தகடும் வெண்ணிற இறகும்கூட அதனை ஏமாற்றும். நின்ற இடத்தில் நாறும் ஊனைப் போட்டு வஞ்சிரத்திற்குக் காத்திருப்பது வீண். கலங்கிய நீரில் நிலைமை தலைகீழாகும். வெள்ளம் கலந்து பழுப்பான முகத்துவாரத்தில் கண் பயன்படாது. அங்கே மணம் மிகுந்த இரைக்கே கெளுத்தியும் திருக்கையும் வரும். நீரின் நிறத்தைப் பார்த்து இரையை மாற்றாதவர் பாதி நாளை இழப்பார்.

இரைகளுள் எல்லா மீனுக்கும் பொதுவானது இறால் எனலாம். அதன் உடற்சாறு நீரில் எளிதிற் கரைந்து மணம் பரப்பும். ஆனால் தசை மென்மையானது. சிறு மீன்கள் கொத்திக் கொத்தியே முள்ளை வெறுமையாக்கிவிடும். அதனால் மெல்லிய நூலால் இறாலை முள்ளோடு சுற்றிக் கட்டுவாரும் உளர். பெரும்பாணாற்றுப்படையின் தூண்டில்காரன் இதைச் செய்திருந்தால் வாளை தப்பியிராது. கொடுவாவிற்கு உயிருள்ள இறாலே சிறந்தது. வீச்சு வலையால் பிடித்த சிறு மடவையை உயிரோடு முதுகுப்புறத்தில் கோத்து விடுவதும் உண்டு. முதுகெலும்பில் முள் படாமல் கோத்தால் அது நெடுநேரம் நீந்தி அதிர்வெழுப்பும். பட்டால் அப்போதே இறக்கும்.

கணவாய் பாருக்கு உரிய இரை. அதன் சதை தோல்போல் உறுதியானது. பேத்தை போன்ற கொறிக்கும் மீன்களால் விரைவில் பிய்க்க இயலாது. விரலளவு நீளத்திற்குக் கீறி, ஒரு முனையை மட்டும் முள்ளில் கோத்தால், மறுமுனை ஓட்டத்தில் உயிருள்ளதுபோல் அசையும். களவாவும் சங்கராவும் இதனை விரும்பிக் கவ்வும். களவா கவ்வியதும் பாறை இடுக்கிற்குள் பாய்ந்து செவுளை விரித்துக்கொள்ளும். பின்பு எவ்வளவு இழுத்தாலும் வராது. ஆகவே முதல் இழுப்பிலேயே சில முழம் மேலே தூக்கிவிடவேண்டும். இங்கே இரையைவிடக் கையின் விரைவே மீனைத் தீர்மானிக்கிறது.

மணற்கரைக் கிழங்கானுக்கு அதன் வாயளவே அளவுகோல். வாய் சிறியது, மட்டிச்சதை, கடற்புழு, உரித்த இறாலின் சிறு துண்டு ஆகியவை ஏற்றவை. பெரிய முள்ளில் பெரிய இரை கோத்தால் பெரிய மீன் வரும் என்னும் எண்ணம் இங்கே பொய்க்கும். மடவைக்கோ ஊனே வேண்டா. சேற்றையும் பாசியையும் வடித்து உண்ணும் அம்மீனுக்குப் பிசைந்த மாவு உருண்டையைச் சிறு முள்ளில் கோப்பர். வவ்வால் மீனைத் தூண்டிலில் பிடிக்க முனைவது பெரும்பாலும் வீண். அது வலைக்கே உரியது.

இரை எதுவாயினும், புதியதாக இருத்தல் நன்று. வெயிலில் காய்ந்த இறாலைக் கெளுத்தி தின்னும். கொடுவா திரும்பியும் பாராது. ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைப்பது பழைய வழக்கம். பனிக்கட்டிப் பெட்டி இன்றைய வழக்கம்.

பட்டுப்புழுவும் தூண்டிற்கயிறும்

தூண்டிற்கயிற்றை நரம்பு என்றும் தங்கூசி என்றும் வழங்குவர். இன்று அது நைலானால் ஆனது. நைலான் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமாகும் முன், மேலைநாடுகளில் முள்ளை ஒட்டிய பகுதிக்குப் பட்டுப்புழுவின் குடலெனப்பட்ட இழையைப் பயன்படுத்தினர். உண்மையில் அது குடலன்று, பட்டுச்சுரப்பி. கூடு கட்டவிருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, சுரப்பியை வெளியே எடுத்து, இரு கைகளால் இழுத்து நீட்டினால் ஒளி ஊடுருவும் உறுதியான இழை கிடைக்கும். நீரில் அது மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஸ்பெயின் நாட்டின் மூர்சியாப் பகுதி இத்தொழிலுக்குப் புகழ்பெற்றிருந்தது. கூடு கட்டவிட்டால் சேலையாகும் பட்டு, சற்று முன்னே எடுத்தால் தூண்டிலாகும் என்பது நெசவாளர் வீட்டு மாணவர்க்கு வியப்பளிக்கக்கூடும்.

நைலானுக்கும் எல்லை உண்டு. வஞ்சிரம், சீலா, சுறா ஆகியவற்றின் பற்கள் அதனை எளிதில் அறுத்துவிடும். இவற்றுக்கு முள்ளின் மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி இணைப்பர். முள்ளின் அளவெண்ணில் புதியவர் குழம்புவது இயல்பு: 10ஆம் எண் முள் 4ஆம் எண் முள்ளைவிடச் சிறியது. முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள், மீன் விழுங்கினாலும் தொண்டையில் தைக்காமல் பெரும்பாலும் வாயோரத்திலேயே பற்றும். அளவில் சிறிய மீனை உயிரோடு திரும்பக் கடலில் விட இதுவே ஏற்றது.

தூண்டிலின் விலை

தூண்டில் தொழில் என்றதும் கரையில் அமர்ந்து பொழுதுபோக்குவதை மட்டும் எண்ணிவிடலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர், நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்கள் தொங்கும் தூண்டிலோடு ஆழ்கடலுக்குச் சென்று, வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் திடீரென வலுப்பெற்றபோது, கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருந்த அவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பி வரவில்லை. நல்ல மீன் நிற்கும் இடம் கரைக்கு அப்பால் நகர நகர, தூண்டில்காரரின் இடரும் அத்தொலைவுக்கு வளர்கிறது.

மீன் ஏன் அப்பால் நகர்கிறது என்னும் வினாவிற்குக் கரையோரத்தார் முதலில் சொல்லும் விடை இழுவை வலை. தூண்டில் ஒவ்வொன்றாகப் பிடிக்கும். இழுவை வலையோ அடிநிலத்தையே வாரிச்செல்லும். இதனாலேயே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரப் பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையும் உள்ளது. ஆயினும், தூண்டிலும் குற்றமற்றதன்று. சுறா பிடிக்க ஓங்கிலின் ஊனை இரையாக்கிய வழக்கம் உலகின் பல கரைகளில் இருந்தது; ஓங்கில் இன்று நம் நாட்டுச் சட்டத்தால் முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட உயிரி. வாள்போன்ற நீண்ட மூக்குடைய வேளா மீனும் அவ்வாறே பாதுகாக்கப்பட்டது; நம் கடலில் அதனைக் காண்பது இன்று மிக அரிது. சனவரி முதல் மார்ச் வரை சென்னை தொடங்கி மாமல்லபுரம் வரையுள்ள மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமை முள்ளில் சிக்கினால், கயிற்றை மட்டும் அறுத்துவிட்டால் முள்ளோடு சாகும். முள்ளின் முனையை நறுக்கி வெளியே எடுத்துவிடவேண்டும்.

மீனும் திருப்பித் தாக்கும். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்கள் நஞ்சுடையவை. குத்தினால், தாங்கும் அளவு சூடான நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். பின் மருத்துவரை நாடவேண்டும். திருக்கையின் வால்முள் இன்னும் கொடியது. பேத்தையின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டவர் இறக்க நேரிடும். அது தூண்டிலில் வந்தால் கையால் தொடாமல் குறடால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுதல் முறை.

இன்று பாரின் இடம் ஜி.பி.எஸ். கருவியில் எண்களாகப் பதிந்துவிட்டது. இளைய மீனவர் பலர் விமானத்தையும் குன்றையும் பொருத்திப் பார்ப்பதில்லை. கரையோரம் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து பழைய தோப்புகளை மறைத்துவிட்டதால், முதியவர்களாலும் சில கோடுகளை இனிப் பொருத்த இயலவில்லை. கருவியின் மின்கலம் தீர்ந்த ஒரு பனிமூட்ட நாளில், ஈயக்குண்டின் அதிர்வை வைத்தே பாரைக் கண்டு, பாரை வைத்தே கரையின் திசையைக் கணித்துத் திரும்பியதாகக் கோவளத்து முதியவர் ஒருவர் என்னிடம் கூறினார். அவருடைய பேரன் அதே படகில் இருந்தான். அன்றுமுதல் அவன் ஈயக்குண்டைக் கரையில் விட்டுவிட்டு வருவதில்லையாம்.

காஞ்சிபுரம் மீன் அங்காடிக்கு விடியற்காலையில் கடலோரத்திலிருந்து மீன் வந்து சேரும். பெட்டியைத் திறக்கும்போது ஒரே வஞ்சிரத்திற்கு இரண்டு விலை சொல்வதைக் கேட்கலாம். வலையில் நெரிந்து இறந்த மீனின் செதிலும் தோலும் சிராய்த்திருக்கும். தூண்டிலில் வந்ததோ உடல் சிதையாமல் பளபளக்கும், விலையும் கூடுதல். வாயைத் திறந்து பாருங்கள்: ஓரத்தில் முள் துளைத்த சிறு வடு ஒன்று இருக்கும்.